வரி.0

இரவு இரண்டு பத்து.
சத்துவாச்சாரியில் சுவர் இன்னும் சுடுகிறது.
கூலருக்கு நான்காவது வாளி ஊற்றிவிட்டு
நெட்ஸ்டாட் என்று அடிக்கிறேன்.
எந்த ஊரென்று எனக்குச் சொல்லாத
ஏதோ ஒரு குளிர் அறையில்
ஒரு மெயின்ஃபிரேம்
தன்னோடு யார் யார் பேசுகிறார்கள் என்பதை
மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது.

இதைத்தான் ஆறு மாதமாக
நுஸ்ரத் நோட்டில் எழுதினாள்,
பேரணாம்பட்டில் அவள் வீட்டு மாடியிலிருந்து.
மூன்று மணிக்கொருமுறை
திறந்த இணைப்பு இத்தனை, கேட்டுக்கொண்டிருப்பது இத்தனை,
ஓரத்தில் பென்சிலில் ஏதாவது கிறுக்கல்.
மாதக் கடைசியில் ஸ்கேன் செய்து எனக்கு அனுப்புவாள்.
திங்கள் முதல் அவளுக்குப் பிரசவ விடுப்பு.
"ஒரு ஸ்கிரிப்ட் போட்டுடு, மெஷினே எழுதிக்கட்டும்"
என்றார் ஏகாம்பரம் சார்.
பத்து நிமிஷ வேலை என்று நானும் சொல்லிவைத்தேன்.

ரெக்ஸில் ஒரு பொறி உண்டு, அவுட்ட்ராப்.
கட்டளைக்கு முன்னால் வைத்தால்
வருகிற வரியெல்லாம் உள்ளே விழும்.
எத்தனை விழுந்தன என்பதை
வரி.0 சொல்லும்.

வைத்தேன். ஓட்டினேன்.
முகவரிகளும் போர்ட் எண்களுமாய்
திரை வழிந்தது.
வரி.0?
பூஜ்ஜியம்.

மறுபடி ஓட்டினேன்.
பூஜ்ஜியம்.
எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்,
அடைப்புக்குறியை மாற்றிப் பார்த்தேன்,
எலிப்பொறிக்குள் விரலை விட்டுப் பார்க்கிறவன் மாதிரி.

ஆறு விஷயத்தில் எங்களுக்கு வேறு பழக்கம்.
பாலாற்றில் கண்ணுக்கு மணல்தான்.
முழங்கை ஆழம் தோண்டிவிட்டுச் சும்மா இருந்தால்
ஓரமாய்க் கசிந்து
ஒரு சொம்பு தேறும்.
இது தலைகீழ்.
கண்முன் கரைபுரள்கிறது,
கையை விட்டால் ஈரமில்லை.

மூன்று இருபது. காட்பாடிப் பக்கம் ஒரு ரயில் ஊதிற்று.
கையேட்டில் நானூற்றுச் சொச்சம் பக்கம் தாண்டி
யாருக்கும் அக்கறையில்லாத இடத்தில் ஒரு சொல் கிடந்தது:
ஸ்டாக்.
கட்டளையின் வாலில் அதைக் கட்டிவிட்டால்
வரிகள் திரைக்குப் போகாது,
அடுக்கில் போய் உட்காரும்.
அது பேசும் வழியில் என் பொறி இல்லவே இல்லை;
வேறெங்கோ வைத்துவிட்டுக்
காத்திருந்திருக்கிறேன்.

கட்டினேன்.
திரை வெறிச்சென்று ஆனது.
ஐயோ என்றிருந்தது.
எண்ணிப் பார்த்தேன்: இருநூற்றுப் பதினேழு.
பந்திக்கு இலை உருவுவதுபோல
மேலிருந்து ஒவ்வொன்றாய் உருவினேன்.
திறந்திருப்பவை நூற்றுத் தொண்ணூறு,
கேட்டுக்கொண்டிருப்பவை இருபத்தாறு,
மற்றவை ஒன்று.

சரிபார்க்க வேண்டுமே என்று
நுஸ்ரத்தின் நோட்டைத் திறந்தேன்.
மூன்று இரவாய் அதே ஒன்று.
குளோஸ் வெயிட் என்று எழுதி
கீழே பென்சிலில்:
"அந்தப் பக்கம் போயிட்டாங்க.
நம்ம பக்கம் இன்னும் மூடல.
யார்கிட்ட சொல்றது?"

பின்னோக்கிப் புரட்டினேன்.
மார்ச்சில் இரண்டு.
பிப்ரவரியில் ஒன்று, அடிக்கோடிட்டு,
கேள்விக்குறியோடு.
ஆறு ஸ்கேனும் என் மெயிலில்தான் இருந்தன.
இன்றைக்குத்தான் திறக்கிறேன்.

ஸ்கிரிப்டில் இன்னும் நாலு வரி சேர்த்தேன்.
மற்றவை பூஜ்ஜியத்தைத் தாண்டினால்
மணி என்னவானாலும் என்னை எழுப்பு.
அந்த எண்ணிக்கைக்கு நுஸ்ரத் என்று பெயர் வைத்தேன்.
ஏகாம்பரம் சார் கேட்டால்
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அவளுக்கு ஒரு செய்தி அடித்தேன்,
அனுப்பவில்லை. தூங்கட்டும்.

ஐந்து மணிக்குக் கார்ப்பரேஷன் குழாய் இருமும்.
குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கவேண்டும்.
முதலில் கொஞ்ச நேரம்
சத்தம் மட்டும் வரும்.